பச்சைக் கால், மஞ்சள் கால்

ராஜம்மாக்காவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் முதலில் அவளுடைய பொறுமையைத்தான் சொல்வார்கள். நான் அவளிடம் பொறுமையைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் பிடிவாதம். எட்டு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள் நான். என் பேச்சை நம்பலாம்.

வடக்குப்பட்டுக்காரி. வயது நாற்பத்து மூன்று. ஒரகடம் பக்கம் காருக்குக் கதவுக் கைப்பிடி செய்கிற கம்பெனியில் பதினான்கு வருஷமாக இன்ஸ்பெக்ஷன் மேஜையில் நிற்கிறாள். அதே லைனின் கடைசியில், பேக்கிங்கில், நான். வீட்டுக்காரர் சின்னப்பையன் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தொப்பை. மகன் ஹேமந்த் பாலிடெக்னிக் படிக்கிறான். அக்காவுடைய குடும்பத்து நிலம் கம்பெனிகளுக்குப் போனதைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் அவளுக்கு எரிச்சல் வரும். "நாத்து நட்டு இடுப்பு ஒடிஞ்சது எனக்கு. உனக்கு இன்னா தெரியும்? இங்க ஏசி கீது, டீ கீது, புதன்கிழமை முட்டை கீது" என்பாள்.

எங்கள் வேலையில் பெரிய பாவம் ஒன்றே ஒன்றுதான். இடதையும் வலதையும் கலந்து அனுப்பிவிடுவது. இடது கதவின் கைப்பிடிக்குப் பச்சை டேக் கட்ட வேண்டும், வலதுக்கு மஞ்சள், கழிக்க வேண்டியதற்குச் சிவப்பு. எது இடது, எது வலது என்பது காரில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு. ஆனால் கைப்பிடி மேஜைக்கு வரும்போது நம்மைப் பார்த்தபடி வரும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: எதிரில் இருப்பதைத் திருப்பிப் பார், உன் வலது பக்கம் தெரிவது இடது. நாங்கள் அதை மண்டையில் ஏற்றிக்கொண்டோம். அக்கா எலும்பில் ஏற்றிக்கொண்டாள். பதினான்கு வருஷத்தில் அவள் மேஜையைத் தாண்டி ஒரு கைப்பிடிகூட மாறிப் போனதில்லை.

அப்படிப்பட்டவள் யோகாவில் மாட்டிக்கொண்டாள்.

முதுகுவலி என்று ஆளாளுக்கு லீவு போட ஆரம்பித்ததும் கம்பெனியில் யோகா வகுப்பு வைத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஷிஃப்டுக்கு முன்னால் அரை மணி நேரம், டிரெய்னிங் ஹாலில். சொல்லித்தர ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேல்விழி என்ற பெண் ஸ்கூட்டியில் வரும். இருபத்தாறு வயது. எங்களை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே முதுகெலும்பைக் கழற்றிவிடும்.

போன வருஷம் கம்பெனியின் குடும்ப விழாவில் முப்பது பெண்கள் மேடையேறி விருட்சாசனம் செய்தோம். ஒரு காலில் மரம்போல நின்று, மற்றக் காலை மடக்கித் தொடையில் பாதத்தை வைக்க வேண்டும். மடக்கிய முழங்கால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். "வலது காலை மடக்குங்க" என்று வேல்விழி சொன்னதும் இருபத்தொன்பது பேர் வலதை மடக்கினோம். அக்கா இடதை மடக்கினாள். அவளுக்கு இடப்பக்கம் நின்றவள் நான். என் வலது முழங்காலும் அவளுடைய இடது முழங்காலும் நேருக்கு நேர் இடித்துக்கொண்டன. நான் எனக்கு அந்தப் பக்கம் நின்றவள்மேல் விழுந்தேன், அவள் அடுத்தவள்மேல் விழுந்தாள். ஆக மொத்தம் ஆறு பேர் படுத்துவிட்டோம். கீழே ஹேமந்த் பெருமையாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த வீடியோ எப்படி வெளியே போனது என்று அவனுக்கே தெரியாது. மறுநாள் பஸ்ஸில் எல்லா போனிலும் அது ஓடியது. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட அக்காவைப் பார்த்தால் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். அக்காவும் கூடவே சிரித்தாள். ஆனால் சாப்பாட்டுக்கு வருவதைக் கடைசி பேட்ச்சுக்கு மாற்றிக்கொண்டாள். அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

இந்த வருஷ விழாவுக்குப் பெயர் எடுக்கும்போது வேல்விழி தயங்கித் தயங்கிச் சொன்னது: "ராஜம்மாக்கா, நீங்க இந்த வாட்டி கீழ உக்காந்து பாருங்களேன். முட்டி வலி இருக்குன்னு வேற சொன்னீங்க."

"முட்டி வலி உனக்கு யாரு சொன்னது?"

"கனகம் அக்கா."

என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பாதி இளைத்துவிட்டேன். நல்லதற்குத்தான் சொன்னேன். மறுபடி விழுந்தால் இவள் வேலைக்கே வரமாட்டாள் என்று பயந்தேன். அக்கா விடவில்லை. ஒரு மாசம் டைம் கேட்டாள். ஒரு மாசம் கழித்து எல்லார் முன்னாலும் மூன்று தடவை நின்று காட்ட வேண்டும். ஒரு தடவை தப்பினாலும் மேடை கிடையாது. வேல்விழி ஒத்துக்கொண்டது.

"தப்பு என் கால்ல இல்லடி, தரைல கீது" என்றாள் பஸ்ஸில். டைல்ஸ் போட்ட ஹால், காலை நேரத்து ஏசி, வெறுங்கால். பாதம் சில்லிட்டு, நரம்பு இழுத்துக் கொறக்களி பிடித்துக்கொள்கிறதாம். கம்பெனி சாக்ஸ் போட்டால் வழுக்குகிறதாம். பாதி உண்மை. மீதி பிடிவாதம்.

இதை வேல்விழியிடம் சொன்னபோது அது போனில் ஒரு படம் காட்டியது. யோகா சாக்ஸ். கணுக்காலையும் பாதத்தையும் மூடியிருக்கிறது, விரல் வெளியே, குதிகால் வெளியே. பாதம் சூடாக இருக்கும், விரலும் குதிகாலும் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

"ரெண்டு பக்கமும் ஓட்டையா கீது. இதுக்கு எதுக்கு கடை? நானே பின்னிக்கிறேன்" என்றாள் அக்கா.

அவள் அதுவரை பின்னியது பிளாஸ்டிக் ஒயர் கூடை மட்டும். எனக்கு ஒன்று, தன் சித்திக்கு ஒன்று, பஸ் டிரைவருக்கு ஒன்று என்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். எங்கள் ஊர் வெயிலில் கம்பளிச் சாக்ஸ் பின்னுகிறவர்களை நான் கண்டதில்லை. வாலாஜாபாத் பேன்சி ஸ்டோரில் உல்லன் நூல் கேட்டபோது, கடைக்காரர் பொம்மை செய்யவா, வாசலில் தொங்கவிடவா என்றார். "காலுக்கு" என்றாள் அக்கா. அவர் அவள் காலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். யூனிஃபார்ம் கோட்டு நிறத்திலேயே கருநீலமாக இரண்டு உருண்டை வாங்கினாள்.

ஊசிக்குச் சின்னப்பையன் வழி சொன்னார். சைக்கிள் கடையில் நான்கு ஸ்போக்ஸ் கம்பி வாங்கி, இரண்டு முனையையும் தேய்த்து மழுக்கிக்கொண்டு வந்தார். மூன்று கம்பி நூல் கண்ணிகளைத் தாங்கும், நான்காவது கம்பி பின்னிக்கொண்டே சுற்றி வரும். பாடம் போன் வீடியோவில் ஒரு இந்திக்காரம்மாவிடம். பாஷை புரியாது, கையை மட்டும் பார்ப்பாள். அந்தம்மாவும் எதிரில் உட்கார்ந்துதான் பின்னுகிறது. எதிரில் இருப்பதைத் திருப்பிப் பார்க்கும் எங்கள் லைன் புத்தி அங்கே நன்றாகவே உதவியது.

ஒரு வாரம் பின்னிப் பின்னிப் பிரித்தாள். அப்புறம் கம்பெனி வழக்கப்படி ஒரு வொர்க் இன்ஸ்ட்ரக்ஷன், அதாவது செய்முறை, ஹேமந்தை விட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஹேமந்த் கையெழுத்தில் நானே படித்தேன். நாற்பத்தெட்டு கண்ணி, மூன்று கம்பியில் பதினாறு பதினாறாக ஏற்று. இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி மறுபக்கமாக, இப்படியே சுற்றிச் சுற்றி ஒரு ஜாண் உயரம் பின்னு. குதிகால் வந்ததும் இருபத்து நாலு கண்ணியை மூடு. அடுத்த சுற்றில் அதே இடத்தில் இருபத்து நாலு புதுக் கண்ணி ஏற்று. ஓட்டை வரும், பயப்படாதே. விரல் ஆரம்பிக்கும் இடம் வரை பின்னி மூடு.

அவ்வளவுதான் யோகா சாக்ஸ். ஒரு குழாய், அதில் ஒரு சன்னல்.

பஸ்ஸிலும் பின்னினாள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஸ்போக்ஸ் கம்பி என் விலாவில் குத்தியது. இரண்டு தடவை சண்டை போட்டேன். மூன்றாவது தடவை சீட்டு மாறி உட்கார்ந்தேன். மறுநாள் திரும்பி வந்தேன், ஏனென்றால் அவள் இல்லாத சீட்டில் தூக்கம் வரவில்லை. கேட்டில் செக்யூரிட்டி கம்பிகளை உள்ளே விடமாட்டார். தினமும் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்வாள்.

பதினோராம் நாள் முதல் சாக்ஸ் முடிந்தது. ஸ்டீல் ஸ்கேல் வைத்து நீளம் அளந்தாள். வீட்டுக்காரர் கையில் கொடுத்து, முதல் பீஸ் சரியா என்று அவர் வாயால் சொல்லவைத்தாள். நல்ல மனுஷர், இழுத்துப் பார்த்து, மோந்து பார்த்து, சரி என்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சாக்ஸில்தான் எங்கள் லைனில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அக்கா செய்தாள்.

முதலில் பின்னியது இடது சாக்ஸாம். இனி வலது பின்ன வேண்டுமாம். அதை எப்படித் திருப்பிப் பின்னுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தாள். கீழிருந்து மேலாகப் பின்னிப் பார்த்தாள், பிரித்தாள். இடது கையால் பின்னிப் பார்த்தாள், பிரித்தாள். சாயங்காலம் நான் போனபோது வீடு முழுக்கக் கருநீல நூல், சின்னப்பையன் காலில்கூடச் சுற்றியிருந்தது.

"அக்கா, இது குழாய். இந்தக் கால்ல போட்டாலும் இதான், அந்தக் கால்ல போட்டாலும் இதான்" என்று அவள் காலிலேயே மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன்.

"அது எப்படிடி? ஜோடின்னா லெஃப்ட் ஒண்ணு, ரைட் ஒண்ணு இருக்கணும் இல்ல?"

"சாக்ஸுக்கு ஏதுக்கா லெஃப்ட் ரைட்டு?"

அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில், முதல் சாக்ஸ் மாதிரியே இரண்டாவதையும் பின்ன ஒத்துக்கொண்டாள். ஆனால் டேக் இல்லாமல் விட அவள் மனசு கேட்கவில்லை. ஒரு சாக்ஸின் மேல் விளிம்பில் பச்சை நூல், இன்னொன்றில் மஞ்சள் நூல், இரண்டு விரல் பட்டைக்கு ஓட்டினாள். பச்சை இடது, மஞ்சள் வலது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சாக்ஸ் அருமையாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் நின்றவளுக்குக் கொறக்களி இல்லை, வழுக்கல் இல்லை. வேல்விழி "வலது கால்" என்றது. அக்கா கொஞ்சமும் ஆடாமல், அசையாமல், இடது காலைத் தூக்கி நின்றாள்.

அன்றைக்குத்தான் கேட்டேன். "இன்னாக்கா பண்ற நீ? எதைப் பாத்து தூக்குற?"

"மிஸ்ஸைத்தான் பாக்கறேன். அவங்க எதிர்ல நிக்கறாங்க. எதிர்ல கீறத திருப்பிக்கினு தூக்கறேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் பார்த்துச் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று வேல்விழி ஏற்கெனவே திருப்பித்தான் செய்து காட்டும். வலது என்று சொல்லித் தன் இடதைத் தூக்கும். திருப்பியதை அக்கா மறுபடியும் திருப்பிக்கொண்டிருந்தாள். போன வருஷம் நாங்கள் ஆறு பேர் விழுந்தது இவளுடைய பதினான்கு வருஷ ஒழுங்கினால்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அக்காவுக்கு முதலில் கோபம், அப்புறம் அவளும் சேர்ந்துகொண்டாள்.

"சோத்துக் கை, பீச்சாங்கைன்னு கைக்கு அடையாளம் கீது. காலுக்கு இன்னா கீது, சொல்லு" என்றாள்.

"காலுக்குத்தான் நீ டேக் கட்டி வச்சிருக்கியே. மிஸ்ஸைப் பாக்காதே. டேக்கைப் பாரு. திருப்பாதே."

அந்த மாசத்தின் மீதி நாளெல்லாம் நான் ஜபம் மாதிரிச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். பஸ்ஸில், லைனில், கைகழுவும் இடத்தில், திருப்பாதே, திருப்பாதே. அக்காவும் பழகிவிட்டாள். வலது என்றால் குனிந்து மஞ்சளைத் தேடுவாள், தூக்குவாள். நின்று காட்ட வேண்டிய நாளில் மூன்று தடவை இல்லை, ஐந்து தடவை நின்றாள். நாங்கள் கைதட்டினோம். வேல்விழி அதோடு நிற்கவில்லை. எங்களில் பல பேருக்கு அவசரத்தில் கால் குழம்பும், எல்லோரும் அக்காவின் டேக்கைப் பார்த்துத்தான் தூக்க ஆரம்பித்திருந்தோம். அதைக் கவனித்துவிட்டு, "ராஜம்மாக்கா, நீங்க முன்னாடி தனியா நில்லுங்க. மத்தவங்க உங்களைப் பாத்து செய்யட்டும்" என்றது.

கடைசி பேட்ச்சில் ஒளிந்து சாப்பிட்டவள் மறுநாள் முதல் பேட்ச்சிலேயே போய்த் தட்டை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் நறுக்குகிற பக்கம் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

விழா நாள். மேடைக்குப் பின்னால் ஒரே நெரிசல். முன்னால் இரண்டாயிரம் பேர், கம்பெனி ஆட்களும் குடும்பமும். மூன்றாவது வரிசையில் சின்னப்பையன், அவர் தலைக்குப் பின்னால் யாருக்கும் மேடை தெரியாது. பக்கத்தில் ஹேமந்த், போனோடு. அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒருத்தி அவளுக்குத் தலைபின்னி விட்டுக்கொண்டிருந்ததால் குனிய முடியவில்லை. "கனகம், சாக்ஸை மாட்டி வுடுடி" என்று காலை நீட்டினாள். நான் அவளுக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்து, பச்சையை இடது காலில் மாட்டினேன், மஞ்சளை வலது காலில் மாட்டினேன். அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முன்னால் அக்கா தனியாக. அவளுக்குப் பின்னால் நாங்கள் இருபத்தொன்பது பேர், நான் முதல் வரிசை நடுவில். மேடைக்குக் கீழே எங்களைப் பார்த்தபடி வேல்விழி, கையில் மைக்.

"வலது கால்."

அக்கா குனிந்து மஞ்சளைப் பார்த்தாள். மஞ்சள் மேலே எழுந்தது. அது அவளுடைய இடது கால்.

எனக்கு உயிரே போய்விட்டது. எதிரே உட்கார்ந்து மாட்டியவள் நான். எனக்கு இடதாகத் தெரிந்த காலில் பச்சையை ஏற்றிவிட்டேன். வாரக்கணக்கில் திருப்பாதே திருப்பாதே என்று சொல்லிச் சொல்லி, எதிரில் இருப்பதைத் திருப்பிப் பார் என்ற முதல் நாள் பாடத்தையே நான் மறந்துபோயிருந்தேன். இப்போது எங்கள் லைனிலேயே பிசகாதவள், இரண்டாயிரம் பேர் முன்னால், மகன் எடுக்கிற வீடியோவில், தப்பான காலில் நிற்கிறாள். என்னால்.

யோசிக்க நேரம் ஏது. என் இடது காலை மடக்கித் தொடையில் வைத்துவிட்டேன். பக்கத்தில் இருப்பவள் வலதைத் தூக்கினால் முட்டி இடிக்கும், மறுபடி ஆறு பேர் விழுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் இடிக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். என் பக்கத்தில் செந்தாமரை, இடது கால். அவளுக்கு அப்பால் பாஞ்சாலி, இடது கால். முப்பது பேரும் இடது காலைத் தூக்கி, கையை மேலே கூப்பி, ஆடாமல் நின்றோம். அந்த இடத்தில் தப்பான காலில் நின்றது ஒரே ஒரு ஆள்தான், எங்கள் டீச்சர். வேல்விழி எங்களை ஒரு தடவை பார்த்தது. சத்தமில்லாமல் தன் காலை மாற்றிக்கொண்டது.

கைதட்டல் நிற்கவில்லை. சின்னப்பையன் எழுந்து நின்று தட்டியதில் அவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மேடையே மறைந்துபோனது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா சாக்ஸைக் கழற்றப் போனவள் அப்படியே கையை நிறுத்தினாள். காலைப் பார்த்தாள், டேக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு மாட்டனது?"

"நான்தான்க்கா."

"அப்ப நான் தூக்குனது?"

"லெஃப்ட்டு."

அக்கா முகம் கறுத்தது. "அப்போ உங்களுக்கு எல்லாம் தெரியலையா?" என்று கேட்டாள்.

பின் சீட்டிலிருந்து செந்தாமரை சொன்னாள்: "எனக்கு தெரியும்க்கா. மிஸ் ரைட்டுன்னாங்க. நீ லெஃப்ட்ட தூக்குன."

"தெரிஞ்சிமா தூக்குன?"

"நீ தூக்கிட்ட இல்ல."

எனக்கும் தெரியும் என்றாள் பாஞ்சாலி. எனக்கும் என்றது இன்னொரு குரல். எண்ணிப் பார்த்தால், பாதிப் பேருக்கு மேல் தெரிந்தேதான் தூக்கியிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை, அதற்கு நேரமும் இல்லை. அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாக்ஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். உல்லன் நூல், நன்றாகவே உறிஞ்சும்.

வல்லம் தாண்டியதும் கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டு ஒரு சிவப்பு டேக்கை எடுத்தாள். விழா நாளில்கூட அதைக் கோட்டில் வைத்துக்கொண்டு வருகிறவள் அவள். என் ஐடி கார்டு கயிற்றில் அதை முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

"பதினாலு வருஷத்துல மொத மிக்ஸ்-அப். உன் பேருலதான் எழுதணும்" என்றாள்.

"எழுதிக்கோ."

"காலை நீட்டு."

"எதுக்கு?"

பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து என் பாதத்தை அளந்தாள். "உனக்கு ஒரு ஜோடி பின்னறேன். செந்தாமரைக்கு ஒண்ணு, பாஞ்சாலிக்கு ஒண்ணு. வரிசையா எல்லாருக்கும். இருபத்தொம்பது ஜோடி ஆவும், ஆவட்டும்."

"எனக்கும் பச்சை மஞ்சள் வைப்பியா?"

"வேணாம்டி" என்றாள், அளவை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டே. "நீ எதைத் தூக்குனாலும் நான் அதையே தூக்கறேன்."